சிவப்புப் புள்ளிப் பாதை

— மூணாவது தடவை கேக்கறேன், பாண்டெலி. மாடி ரூம் டச்சுக்காரங்க காலையில எட்டு மணிக்குக் கடற்கரைக்குன்னு கிளம்பினாங்க. இப்ப முட்டியெல்லாம் சிராய்ச்சு, நாக்குத் தள்ளி, யாரோட ஆட்டுப் பட்டியிலேருந்தோ திரும்பி வந்திருக்காங்க. எப்படி?

— வந்துட்டாங்கல்ல? தண்ணி குடு. இன்னிக்கு என் பேர் கொண்ட புனிதரோட திருநாள், கல்லிரோயி. இன்னிக்கு ஒரு நாளாவது என் உயிரை வாங்காம இரேன்.

— பேச்சை மாத்தாதே. கல்லுல சிவப்புப் புள்ளியே இல்லையாம்.

— செல்போனைப் பாத்துக்கிட்டே நடந்தா கல்லு எங்க தெரியும்?

— இடுப்பு ஒடியக் குனிஞ்சு குனிஞ்சு நான் வச்ச புள்ளி. நம்ம வாசல்லேருந்து கடல் வரைக்கும். எங்க போச்சு?

— திருநாள் வந்தா எல்லாரும்தான் பாதைக்குச் சுண்ணாம்பு அடிக்கறாங்க. நானும் அடிச்சேன். பளிச்சுன்னு லட்சணமா இருக்கு. கொஞ்சம் புள்ளி மேல வழிஞ்சிருக்கும்.

— கொஞ்சமா?

— நம்ம வீட்டுப் பக்கம் ஒண்ணு ரெண்டு.

— அந்த டச்சுக்காரம்மா போட்டோ காட்டினா. சர்ச் தாண்டி ஒரு புள்ளி கிடையாது. ஊருக்கு வெளியில காட்டுப் பாதைக்கு எவன்யா சுண்ணாம்பு அடிப்பான்?

— சரி, அடிச்சேன்! வேணும்னேதான் அடிச்சேன்! என் மாடியில தூங்கறவங்க, உன் கையால கொண்டைக்கடலை சாப்பிட வேண்டியவங்க, அவங்களுக்குப் பாதை போட்டுக் கடற்கரையில இருக்கற யாகுமிஸ் கடைக்கு அனுப்பறே. அங்க ஐஸ் பெட்டிக் கணவாயைப் பொரிச்சு, இன்னிக்குப் பிடிச்சதுன்னு தலையில கட்டறாங்க. என் பொண்டாட்டியே என் அண்ணனுக்கு ஆள் பிடிச்சு விடறா!

— கடலுக்காகத்தான் ஜனங்க இந்தத் தீவுக்கே வராங்க. உன் மூஞ்சியைப் பாக்கவா வராங்க?

— பெரிய கடற்கரை! அப்பா பங்கு பிரிச்சப்ப அது ஆடுகூட மேயாத உப்பு மண்ணு.

— அதனாலதானே அவருக்குத் தள்ளிவிட்டே? படியடுக்கு நிலம் எனக்கு, திராட்சைத் தோட்டம் எனக்குன்னு நீதானே குதிச்சே. அந்த மனுஷன் வாயைத் திறக்கலை. இப்ப அதே மண்ணுல நாலு பேரு துண்டு விரிச்சுப் படுத்ததும் உனக்கு வயிறு எரியுது.

— வயிறு எரியறது அதுக்கில்லை. ஏழு வருஷமா என் திருநாளுக்கு அவன் எட்டிப் பாத்தானா? யாரையும் அழைக்க வேண்டாம், கதவைத் திறந்து வச்சா ஊரே வருது. என்கூடப் பேசாத தபால்காரன்கூட வந்து ஒரு கிளாஸ் ராக்கிச் சாராயம் குடிச்சு வாழ்த்திட்டுப் போறான். கூடப் பிறந்தவன் வரலையேடி!

— அவரு திருநாளுக்கு நீ போனியா?

— நான் எதுக்குப் போகணும்? அவன் பெரியவன், அவன் முதல்ல வரட்டும்.

— கடவுளே, இருபத்தெட்டு வருஷமா இந்தப் பிடிவாதத்தோட குடும்பம் நடத்தறேன். ஒழுங்காச் சொல்லு. எது வரைக்கும் அடிச்சே?

— களத்துமேட்டுல பாதை பிரியற இடம் வரைக்கும்.

— அவ்வளவுதானா?

— ஓடை இறக்கத்துலயும் அடிச்சேன்.

— பாண்டெலி.

— சரிம்மா, கடல் வரைக்கும்! ஒண்ணு விடலை. ரெண்டு வாளி ஆச்சு. போதுமா?

— எப்போ?

— நேத்துச் சாயங்காலம். ஏய், எதுக்கு அடுப்பை அணைக்கறே? கடலை வேகலை. ராத்திரி ஊரே சாப்பிட வரும்.

— கடலை கிடக்கட்டும். தண்ணி பாட்டிலை எடு. கழுதையை அவிழ். மணி ஒண்ணாகப் போகுது!

— டச்சுக்காரங்கதான் வந்து சேந்துட்டாங்களே! இந்த வெயில்ல இன்னும் யாரைத் தேடிப் போறே?

— உன் அண்ணனை. ஒன்பது மணிக்கு போன் பண்ணினாரு. கிளம்பிட்டேன், அவன்கிட்ட சொல்லாதே, திடீர்னு வாசல்ல வந்து நிக்கறேன்னாரு.

— யாகுமிஸா? இங்கயா? எனக்கு வாழ்த்துச் சொல்லவா?

— பேசிக்கிட்டு நிக்காதே, நட!

— இரு, ஏன் இப்படிப் பதறறே? வழியில எங்கயாவது நிழல்ல உக்காந்திருப்பான். அந்தப் பாதையில பிறந்து வளந்தவங்க நாங்க. இருட்டுலகூட ஓடியிருக்கோம். அவனுக்கு எதுக்குடி புள்ளி?

— அவருக்குக் கண்ணு போய் நாலு மாசமாச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சிவப்பு மட்டும்தான் மங்கலாத் தெரியும். அந்தப் புள்ளியெல்லாம் அவருக்காகத்தான் வச்சேன், பாண்டெலி.