அழுக்குப் படியாத ஃபில்டர்

பெயர் ரூபேந்திரன், தகப்பனார் பெயர் சின்னத்தம்பி. வயது 43. தம்போய் ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் மனைவியோடு குடியிருக்கிறேன். வீடுகளுக்கு ஏர்கோன் என்ற குளிரூட்டும் மெஷின் மாட்டுவதும் செர்விஸ் செய்வதும் என் தொழில். பதினாறு வருடமாகத் தனியாகச் செய்து வருகிறேன். 14.10.2024 திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, காலஞ்சென்ற ஜெயபாலன் என்பவரின் மரணம் சம்பந்தமாகப் போலீஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, சார்ஜன் மகேஸ்வரன் கேட்டுக்கொண்டதன் பேரில் தமிழில் சொல்லும் வாக்குமூலம் இது.

ஜெயபாலனுக்கு வயது 71. பஸ் பட்டறையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்த பிறகு, தம்போயிலேயே ஒரு தாமான் குடியிருப்பில் உள்ள தம் தரைவீட்டில் மகன் ஹேமநாதனோடு இருந்தார். மகள் பிரேமலா சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருக்கிறார். சென்ற வருடம் அக்டோபரில் பிரேமலா சொல்லி அப்பாவின் பின்னறையில் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மாட்டினேன். அந்த அறைக்கு மேற்கே ஒரே ஜன்னல். மத்தியானத்துக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை செர்விஸ் செய்து, கழுவுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வாட்சப்பில் தமக்கு அனுப்ப வேண்டும் என்று பிரேமலா சொன்னார். சம்மதித்தேன்.

படம் எடுக்கும் முறையைப் பற்றிச் சார்ஜன் கேட்டார். படத்தில் மெஷின் மட்டும்தான் தெரிய வேண்டும். ஒரு வீட்டில் கொடியில் கிடந்த உள்பாவாடை படத்தில் விழுந்துவிட்டது என்று அந்த அம்மா என்னை நார் நாராகக் கிழித்துவிட்டார். அதிலிருந்து கட்டில், துணிமணி, சாமி படம், ஆள் எது விழுந்தாலும் வெட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

முதல் செர்விஸ் 13.1.2024 அன்று. ஜெயபாலன் நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தார். நாக்குக் குழறினாலும் வாய் ஓயவில்லை. ஃபில்டரைக் கழற்றியபோது பஞ்சு மெத்தை போலத் தூசி. இரவு பகலாக ஓடிய மெஷின் அப்படித்தான் இருக்கும். அந்தப் படம் உண்மையான படம்.

அதன் பிறகு 20.4.2024 சனிக்கிழமை இரண்டாவது செர்விஸுக்குப் போனேன். ஜெயபாலன் கட்டிலில் படுத்திருந்தார். நாற்காலியைக் காணோம். ரிமோட் ஹேமநாதனின் கால்சட்டைப் பையில் இருந்தது. ஃபில்டரைக் கழற்றினால் ஜனவரியில் நான் மாட்டியபடியே இருந்தது. மெஷின் ஓடினால்தான் காற்றை இழுக்கும், காற்றை இழுத்தால்தான் தூசி படியும். மூன்று மாதம் கழித்தும் ஃபில்டர் சுத்தமாக இருந்தால் அந்த வீட்டில் யாரும் மெஷினைப் போடவில்லை என்று அர்த்தம். இது எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

ஹேமநாதனிடம் கேட்டேன். "குளிர்ல சும்மா சும்மா மூத்திரம் போறாரு பாஸ். ஏர்கோன் வாங்கிக் கொடுத்தவ அவ. பீ மூத்திரம் அள்றவன் நான். இத அவகிட்ட போய்ப் பேசாதீங்க லா" என்றார். அந்த ஆளின் கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. அவர் மேலும் எனக்கு அப்போது இரக்கம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்தது இது. சுத்தமான ஃபில்டரைப் படம் எடுத்து அனுப்பினால் எதற்குச் செர்விஸ் என்று வாடிக்கையாளர் கேட்பார், மூன்று மாதம் என்பது ஆறு மாதமாகும், பிறகு கூப்பிடவே மாட்டார்கள். பிரேமலா சொல்லித்தான் அந்த வரிசையில் இன்னும் ஐந்து வீடு எனக்குக் கிடைத்திருந்தது. அதனால் முந்தின வாரம் ஸ்கூடாயில் வேறொரு வீட்டில் எடுத்த அழுக்கு ஃபில்டரின் படத்தை அனுப்பினேன். பிரேமலா உடனே பதில் போட்டார்: "அப்பா நல்லா யூஸ் பண்றாரு போல. தேங்க்ஸ் அண்ணே." நான் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

20.7.2024 அன்று மூன்றாவது முறை போனேன். மெஷினுக்குப் போகும் சுவிட்ச் அணைக்கப்பட்டு, அதன் மேல் டேப் ஒட்டியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. என் தெர்மாமீட்டரில் அறைச்சூடு 34 காட்டியது. ஜெயபாலன் பாதியாக இளைத்திருந்தார், முதுகுப் புண்ணின் வாடை வந்தது. தண்ணீர்ப் புட்டி அவர் கைக்கு எட்டாமல் அலமாரியின் மேல் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன். அரைப் புட்டியை ஒரே மூச்சில் குடித்தார். ஹேமநாதன் அப்போது வாசலில் யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏர்கோன் போட மாட்டாங்களா அங்கிள்?" என்று கேட்டேன்.

"மக வந்தா போடுவான்" என்றார்.

"அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவ போயிடுவா தம்பி. இவந்தான் இருப்பான்" என்றார். பிறகு மெஷினைக் காட்டி, "கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டுப் போ" என்றார்.

சோதனைக்குப் பத்து நிமிடம் ஓடினால் போதும். நான் நாற்பது நிமிடம் ஓட விட்டேன். கழுவிய ஃபில்டரையே மறுபடி கழுவினேன், வெளியே இருந்த கம்ப்ரெசரைத் தேவையில்லாமல் திறந்து மூடினேன். ஜெயபாலன் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். அதன் பிறகு ஹேமநாதன் வந்து சுவிட்சை அணைத்து டேப்பை ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறையும் ஃபில்டரில் தூசி இருக்கவில்லை. கழுவுவதற்கு முந்தின படம் என்று அதே ஸ்கூடாய்ப் படத்தையே மறுபடியும் அனுப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. அழுக்கு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. கழுவிய பிறகு எடுத்த படத்தில் கட்டிலும் ஜெயபாலனும் அலமாரிப் புட்டியும் விழுந்திருந்தன. வெட்டிவிட்டு அனுப்பினேன்.

புகார் செய்யாதது ஏன் என்று சார்ஜன் கேட்டார். பிறர் வீட்டு விஷயம், ஏர்கோன்காரனுக்கு எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு காரணம் இல்லை.

3.10.2024 அன்று ஜெயபாலன் அந்த அறையிலேயே இறந்தார். உடம்பில் நீர் வற்றி, சூடு தாங்காமல் இறந்தார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சார்ஜன் சொன்னார். அதன் பிறகு, ஹேமநாதன் போலீசாரிடம் கொடுத்திருந்த படங்களைச் சார்ஜன் எனக்குக் காட்டினார். நான் அனுப்பிய படங்களைப் பிரேமலா குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார், ஹேமநாதன் அங்கிருந்து எடுத்திருக்கிறார். அப்பா இரவு பகலாகக் குளிரில் இருந்தார், ஃபில்டரில் எவ்வளவு அழுக்கு என்று பாருங்கள் என்று வாதாடியிருக்கிறார். என் பொய் அவருக்கு நல்ல சாட்சியாகிவிட்டது.

ஏப்ரல், ஜூலை இரண்டு மாதப் படங்களிலும் உள்ள அழுக்கு ஃபில்டர் அந்த வீட்டுடையது அல்ல. அது எந்த வீடு என்பதற்கான விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். ஜூலையில் கழுவிய பிறகு எடுத்த படம் வெட்டாமல் என் போனில் அப்படியே இருந்தது. அதைச் சார்ஜன் பெரிதாக்கினார். ஜெயபாலன் மெஷினைப் பார்க்கவில்லை. தூங்குகிறார் என்று நான் நினைத்த நேரத்தில் கண்ணைத் திறந்து, படம் எடுக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனை ஒப்படைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஜெயபாலனின் அறையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த ஃபில்டரைச் சார்ஜன் மேசைமேல் வைத்து அடையாளம் கேட்டார். ஓரத்தில் நான் மார்க்கரால் எழுதிய எண் இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஜூலையில் நான் இரண்டு முறை கழுவி மாட்டியது போலவே இருக்கிறது.

இன்னும் ஒன்று. இன்று காலை நான் உள்ளே வருமுன், வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரேமலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏர்கோன் ஓடுச்சுதானே அண்ணே? நீங்கதான போட்டோ அனுப்புனீங்க?" என்று கேட்டார். நான் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். இந்த அறைக்கு வேறு வாசல் இல்லை.

எழுதியதைச் சார்ஜன் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில் திருத்தச் சொன்னேன். நாற்பது நிமிடம் ஓட விட்டது 'கருணையால்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல்லை அடித்துவிட்டார். மற்றதெல்லாம் நான் சொன்னபடி சரி. யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சி. ரூபேந்திரன்