மூடிக்கு ரெண்டு பூட்டு

ரீமா: அங்கே வைக்காதே. ஜன்னல் காத்து நேரா அடிக்கும், செத்துடும்.

வஜ்தி: பெய்ரூட் குளிர்ல நானே இன்னும் சாகல. பாம்பு செத்துடுமா?

ரீமா: உனக்குத் தோல் தடிப்பு.

வஜ்தி: உன்கூடக் குடும்பம் நடத்தித் தடிச்ச தோல். அந்த மூலையைப் பிடி... கண்ணாடித் தொட்டி கனக்குது.

ரீமா: விவாகரத்து ஆனப்புறமும் எனக்கு உன் வீட்டுல சாமான் தூக்குற வேலை.

வஜ்தி: என் சாமானா? உன் மக ஆசைப்பட்டு வாங்கின மலைப்பாம்பு.

ரீமா: நம்ம மக.

வஜ்தி: ஓ... இன்னிக்குத் தாலா 'நம்ம மக' ஆயிட்டாளா? ஏதோ காரியம் ஆகணும் உனக்கு.

ரீமா: ஒண்ணும் ஆக வேணாம். அந்தத் தேங்காய் நாரைக் கொட்டிப் பரப்பு.

வஜ்தி: சோபாவுல அந்தத் துணிப்பை நெளியுது.

ரீமா: தெரியுது. அதான் அந்தப் பக்கமே பார்க்காம பேசிட்டிருக்கேன். சூட்டு விளக்கைப் போடு. ராத்திரி பகல் எரியணும்னு தாலா சொன்னா.

வஜ்தி: ஜெனரேட்டர்காரன் எனக்கு விடுற கரண்ட் அஞ்சே ஆம்பியர். பார்ப்போம்... இதோ...

ரீமா: என்னாச்சு? இருட்டாயிடுச்சே!

வஜ்தி: பிரேக்கர் விழுந்துடுச்சு. குளியலறை ஹீட்டர் ஓடிட்டிருக்கு, மறந்தே போனேன்.

ரீமா: இந்நேரத்துக்கு எதுக்கு ஹீட்டர்?

வஜ்தி: நீ வந்தா கை கழுவுவியேன்னு... உனக்குப் பச்சைத் தண்ணி ஆகாதே.

ரீமா: அதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா உனக்கு?

வஜ்தி: அப்படிப் பார்க்காதே. பழக்கதோஷம். இரு, கீழே போய்த் தூக்கி விட்டுட்டு வரேன்.

ரீமா: இதோட என்னைத் தனியா விட்டுட்டா?

வஜ்தி: அது கடிக்காது. நீ அதைக் கடிக்காம இரு.

ரீமா: சீக்கிரம் வா...

வஜ்தி: வந்துட்டேன். ஹீட்டர் வயரைப் பிடுங்கிட்டேன். இனிமே விளக்கு மட்டும்தான்.

ரீமா: அப்போ நீ குளிக்கிறது?

வஜ்தி: பச்சைத் தண்ணியில.

ரீமா: ஜனவரியிலயா? பைத்தியமா உனக்கு?

வஜ்தி: பாம்பு இங்கே இருந்தா தாலா வெள்ளிக்கிழமை தவறாம வருவாள்ல. இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறதே பெரிசா இருக்கு.

ரீமா: வருவா...

வஜ்தி: நிஜமாவா?

ரீமா: வருவான்னுதானே சொல்றேன். மூடியைக் கவனி. ரெண்டு பக்கமும் பூட்டு இருக்கு. கொஞ்சம் இடுக்கு கிடைச்சாலும் நழுவிடுமாம். பூட்டைப் பத்தித்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினா.

வஜ்தி: சாப்பாடு?

ரீமா: செத்த எலி. ஃப்ரீசர்ல, உன் கிப்பே இறைச்சி உருண்டைக்குப் பக்கத்துலயே வச்சுக்க. முப்பது வருஷம் உயிரோட இருக்குமாம்.

வஜ்தி: முப்பது வருஷமா? அதுக்குள்ள நாம இன்னும் ரெண்டு தடவை கட்டிக்கிட்டு ரெண்டு தடவை பிரிஞ்சிடலாம்.

ரீமா: வஜ்தி... ஒண்ணு கேக்கணும்.

வஜ்தி: வந்ததிலேர்ந்து மென்னு முழுங்கிட்டிருக்கியே, அதையா?

ரீமா: கோவிச்சுக்கக் கூடாது. கனடாவுல, மான்ட்ரியால்ல நான் குடியேற அண்ணன் எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டான். தாலாவும் என்கூட வர்றா. அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க அப்பா நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்.

வஜ்தி: பாம்பைக் குடுத்துட்டு மகளை எடுத்துட்டுப் போறே. நல்ல வியாபாரம்.

ரீமா: சத்தியமா பாம்பு என் யோசனை இல்ல! அவளாத்தான் ஈத் பெருநாளுக்குக் கிடைச்ச காசுல போய் வாங்கினா. இப்போ கூடக் கொண்டுபோக முடியாது, அதான் இங்கே...

வஜ்தி: சம்மதம் சொல்லிட்டேன்.

ரீமா: என்னது?

வஜ்தி: போன வாரம் தாலா என் ஒர்க் ஷாப் வாசல்ல வந்து நின்னா. கேட்டா. மறுநாளே பாஸ்போர்ட் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன்.

ரீமா: எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டேவா வெள்ளிக்கிழமை வருவாளான்னு கேட்டே?

வஜ்தி: நீ எதுவரைக்கும் பொய் சொல்றேன்னு பார்த்தேன்.

ரீமா: அவதான் போறாளே, பாவி... அப்புறம் யாருக்காக அந்த ஹீட்டரைப் பிடுங்கினே? அவ ஆசைப்பட்ட பாம்புங்கிறதுக்காகவா?

வஜ்தி: அவளுக்குப் பாம்பு ஆசையெல்லாம் கிடையாது, ரீமா, எனக்குத் துணைக்குன்னு வாங்கினது. அன்னிக்கு வழியில சொன்னா... "நாய் வாங்கிக் குடுத்தா உன்னைப் பிடிக்காம ஒருநாள் ஓடிடும், பாபா. இதுன்னா பூட்டி வச்சுக்கலாம்"னு.