கருவுக்குச் சுழி

கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.

“ஏனுங்க, டாக்டரம்மாகிட்டப் போயி, கருவுக்குச் சுழி பார்த்தீங்களான்னு கேட்டுப்போட்டீங்களே!”

நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“பின்னே? பத்து வருசமாச் சந்தையில சுழி பார்த்துத்தான மாடு புடிச்சுக் குடுக்கறேன். ஆஸ்பத்திரியில வளர்த்த நாலு கருவுல ஒண்ணைப் பொறுக்கறம்னதும் வாயில தானா வந்துருச்சு.”

“அவங்க பார்த்தது எந்தம்பிக்கு இருக்கற ரத்தம் உறையாத நோயை மட்டுந்தானுங்க. ரெண்டு கருவுல அது இல்லையாமா.”

“அது சந்தோசந்தான் அம்மிணி. அப்படியே உன்ர நெறம், என்ர ஒசரம்னு பார்த்து எடுத்தா என்னங்கறேன்?”

“அதெல்லாம் பார்க்கமாட்டோம்னு சொல்லிப்போட்டாங்கல்ல? பார்க்கவும் வேண்டாமுங்க.”

“ஏன் வேண்டாம்?”

அவள் அவர் தலைத்துண்டை உருவினாள். உச்சந்தலையில் ரெட்டைச் சுழி. அது இருந்தால் இரண்டு கல்யாணம் என்று எங்கள் பக்கம் பெண் கொடுக்கப் பயப்படுவார்கள்.

“எங்கப்பனும் சுழி பார்த்து மாப்பிள்ளை புடிச்சிருந்தா, நீங்க இன்னும் வெலை போகாம சந்தையிலதான நின்னுட்டிருப்பீங்க!”