பதினெட்டாவது மாடியில் ஒரு திறப்பு விழா

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் எங்கள் பெரியக்கா அவர்களே, கம்பி வளைத்துக் கை காய்த்த அண்ணன்மார்களே, கலவை சுமந்து கழுத்து நொந்த தாய்மார்களே, ஓரமாக நிற்கும் மேலாளர் அவர்களே, சிமென்ட் படிந்த இந்தக் கைகளின் வணக்கம்.

எதற்கு இந்தக் கூட்டம்? மாளிகை திறக்கவா? மண்டபம் திறக்கவா? கழிப்பறை திறக்க. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எனக்கும் காலையிலிருந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்றதை அடக்கித்தான் எங்களுக்குப் பழக்கம்.

பெரிய நிறுவனம் நம்முடையது. நாம் கட்டும் இந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு மூன்று குளியலறை. அப்பா அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, விருந்தாளிக்கு ஒன்று. கட்டுகிறவளுக்கு? கீழே, வாசலருகே. பதினெட்டு மாடி இறங்க வேண்டும், பதினெட்டு மாடி ஏற வேண்டும். சரக்கு லிஃப்டில் மூட்டை போகலாம், மனுஷி போகக் கூடாது. விதியாம். ஆண்களுக்கு ஒரு தூண் மறைவு போதும். அந்தப் பக்கம் போகும்போது தலைகுனிவது யார்? நாங்கள். உங்களைச் சொல்லவில்லை அண்ணா. சரி, உங்களையும்தான் சொல்கிறேன்.

நாங்கள் என்ன செய்தோம்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். வெயிலில் வெந்தோம், வாய் வறண்டோம், குடிக்கவில்லை. பெரியக்காவுக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்தன. கம்பெனி மருத்துவர், "நெறைய தண்ணி குடிக்கணும்மா" என்றார்.

"குடிச்சிடுவேன் டாக்டர். போறதுக்கு இடம்?"

மருத்துவர் மாத்திரை எழுதினார்.

கேட்டோம், கெஞ்சினோம். எப்போதும் அவசரப்படுத்துவதால் நாம் 'சீக்கிரம் சார்' என்று பேர் வைத்த சூப்பர்வைசர், "இந்த மாடி முடியட்டும்மா, பார்க்கலாம்" என்றார். பத்தாவது மாடியிலும் அதையேதான் சொன்னார்.

வந்தது பதினெட்டாவது தளம் போடும் நாள். காங்கிரீட் பாதியில் நிற்கலாமா? நின்றால் குழாயிலேயே இறுகும். தளத்தில் ஒட்டு விழும், ஒட்டு விழுந்தால் ஒழுகும். சரியாகப் பாதித் தளத்தில் பெரியக்கா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். நான் கலவையை அதிரவைத்துப் படியவைக்கும் வைப்ரேட்டரை அணைத்தேன். கோஷம் இல்லை, கொடி இல்லை. வரிசையாகப் படியிறங்கினோம்.

சீக்கிரம் சார் பின்னாலேயே ஓடி வந்தார். "எங்கம்மா போறீங்க எல்லாரும்?"

"ஒண்ணுக்கு சார்."

"எல்லாருக்குமா?"

"எங்க எல்லாருக்கும் வயிறு இருக்கே சார்."

"சீக்கிரம் வாங்கம்மா."

"முட்டி வலிக்குது சார். மெதுவாத்தான் இறங்கணும்."

இதற்குப் பெயர் வேலைநிறுத்தமா? எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கலவை லாரிகள் தெருமுனை வரை நின்றன. மேலாளர் மூச்சிரைக்க வந்தார். "சரக்கு லிஃப்ட்லயே ஏறுங்கம்மா, தயவு பண்ணுங்க."

பெரியக்கா சொன்னார்: "விதி இருக்கே சார். மேல எங்களுக்கு ஒரு கக்கூஸ் வருமா?"

"பார்க்கலாம்மா."

"அப்ப நாங்களும் படியைப் பார்த்துப் பார்த்து ஏறறோம்."

லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அத்தனை பேர் முன்னால் மேலாளர் சொன்னார்: "தளம் இறுகினதும் மேல ஏத்தற முதல் சாமான் அதுதான். போதுமா?"

போதும். ஏறினோம், போட்டோம். ஒட்டு இல்லை, ஒழுகாது. எங்கள் கோபம் நிறுவனத்தின் மீது, தளத்தின் மீது அல்ல. நேற்று கிரேன் அந்தக் கழிப்பறையை வானத்தில் தூக்கியபோது, தேர் வருவது போல அண்ணாந்து பார்த்தோமே, மறக்குமா?

இது சலுகையா? யாரோ இட்ட பிச்சையா? மேகத்தை முட்டும் கட்டிடத்துக்குக் கணக்குப் போட்டவர்கள், அதைக் கட்டுகிறவளின் உடம்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. இனி சேர்க்க வேண்டும். எந்த மாடி எழுந்தாலும் சேர்க்க வேண்டும். தாய்மார்களே, தண்ணீர் குடியுங்கள். தாகம் தீரக் குடியுங்கள். பயப்படாமல் குடியுங்கள்.

மேலாளர் அவர்களே, கத்தரிக்கோலோடு காத்திருக்கிறீர்கள், தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். தலைமை நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தீர்களா? ரிப்பனுக்கு அடியில் குனிந்து பெரியக்கா உள்ளே போய்விட்டார். அவராக வெளியே வரும்வரை யாரும் கதவைத் தட்ட வேண்டாம்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. வெளியே வரிசையில் நிற்கும் கால்களுக்கு வணக்கம்.