பல் பார்க்கும் பக்கம்

— என் கொண்டை ஊசியும் போச்சா? மரம் அறுக்கிற மெஷினுக்கு எதுக்குங்க கொண்டை ஊசி?

— ஆயில் வர்ற ஓட்டை அடைச்சுக்கிச்சும்மா. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து பசை மாதிரி. குத்தி எடுக்க வேற எதுவும் நுழையல.

— அந்தப் பிரஷ்?

— அது பழசு.

— இன்னிக்குக் காலையில வரைக்கும் அதுலதான் நான் பல்லு தேய்ச்சேன்.

— கேளு, வேற வாங்கித் தர்றேன். ஃபில்டர் இடுக்குல அதுதான் நல்லாப் போகுது.

— அதெல்லாம் சரி. சாப்பிடுற மேசையில பேப்பரை விரிச்சு இதைப் பிரிச்சுப் போட்டா நாங்க எங்க உக்கார்றது? உங்க பொண்ணு தட்டை மடியில வச்சுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்திருக்கா.

— ஆச்சு. பிளக் மட்டும்தான் பாக்கி.

— பிளக்கை நேத்துத் துடைச்சீங்க. முந்தாநாளும் துடைச்சீங்க. பெத்த பொண்ணு மூக்கைக்கூட நீங்க இப்படித் துடைச்சதில்ல.

— மெஷின்னா பராமரிப்பு வேணாமா?

— ஓடுற மெஷினுக்கு வேணும். நீங்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுக்கப்புறம் இது ஒரு குச்சியைக்கூட அறுக்கலையே. ஒட்டகம் அண்ணன் போன் பண்ணினார்.

— உனக்கா? நான் மரத்துல ஏறினா எனக்குக் கயிறு பிடிக்கிறவன், உன்கிட்ட என்ன பேச்சு?

— நீங்க எடுக்கலைன்னா எனக்குத்தான் பண்ணுவார். பள்ளிக்கூட மதில்மேல சாஞ்சு கிடக்கே அந்தப் பெரிய மரம், அதை நாளைக்கு எடுத்தாகணுமாம். அது சாஞ்சதிலிருந்து பிள்ளைங்களை வெளிய விளையாட விடறதில்ல, நம்ம பொண்ணு தினமும் புலம்புறா. நீங்க வரலைன்னா வேற ஆளைக் கூட்டிக்கிட்டுப் போறாராம். அப்புறம் அந்த ஆளோடயே இருந்துக்குவாராம்.

— நான் வர மாட்டேன்னா சொன்னேன்? மெஷின் அறுக்கல. கேளு, சாயங்காலம் பின்பக்கம் ஒரு கட்டையில வச்சுப் பார்த்தேன். வெறும் புகை. கட்டை கருகுது, உள்ள இறங்க மாட்டேங்குது.

— தெரியும். ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

— அப்புறம் என்ன? இதுக்கு வயசாயிடுச்சு. உங்க அண்ணன் கடையில உக்கார்ற வேலை இருக்குன்னு நீதான சொன்ன?

— சொன்னேன். அழுது சொன்னேன். அன்னிக்கு நீங்க பிளக்கைத் துடைக்க எழுந்து போயிட்டீங்க, இன்னிக்கு நீங்களா அந்தப் பேச்சை எடுக்கிறீங்க. அந்தச் செயினை இந்த விளக்குக்குக் கீழ கொண்டாங்க.

— கையில கிழிச்சிடும். இப்பத்தான் பல்லுக்கு அரம் போட்டேன்.

— நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா பல்லு எல்லாம் பின்பக்கம் பாக்குது.

— எங்க?

— எங்கயா? நீங்க தையலோட படுத்திருந்தப்ப, செயின்ல ஒட்டியிருந்த உங்க ரத்தத்தை நான்தான சோப்புப் போட்டுக் கழுவினேன்? கழுவிட்டு நானே மாட்டியும் வச்சேன். வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சீங்களே, இதே மாதிரிதான் இருந்துச்சு.

— சட்டையைப் பின்பக்கமா மாட்டினவன் மாதிரி இருந்துச்சு. சிரிக்காம என்ன பண்றது?

— ஒட்டகம் அண்ணன்கிட்டச் சொன்னீங்க, என் அண்ணன்கிட்டச் சொன்னீங்க, பால் போட வந்தவர்கிட்டகூடச் சொன்னீங்க. என் பொண்டாட்டி மாட்டின செயின் மரத்தைத் தடவிக் குடுக்கும்னு. போகட்டும். அன்னிக்கே கழட்டி நேரா மாட்டிட்டீங்க. அதுக்கப்புறம் நான் இதைத் தொடவே இல்ல. இப்ப யாருங்க திருப்பினது?

— மெதுவாப் பேசு. பொண்ணு காதுல விழும்.

— அவ டிவியில இருக்கா. சொல்லுங்க.

— நான்தான்.

— எதுக்கு?

— கேளு... போன வாரம் செயின் நேரா இருந்தப்பவே போட்டுப் பார்த்தேன். ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு, சத்தம் அவ்வளவு சுத்தம். கட்டைகிட்டக் கொண்டு போறேன், தொடை நடுங்குது. தையல் போட்ட தொடை இல்ல, மத்தது. அன்னிக்கு மெஷின் முனை கிளையில பட்டு எகிறி வந்துச்சுல்ல, அது மறுபடி வர்ற மாதிரியே இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன். ஒட்டகம் கேட்டா பயமா இருக்குன்னா சொல்றது? மெஷின் சரியில்லன்னு சொல்லிடலாம். இப்படி மாட்டி வச்சா அவனே வந்து பார்த்தாலும் புகைதான வரும்.

— அவர் பல்லைப் பார்க்க மாட்டாரா?

— பார்த்தா... நீ மாட்டினதுன்னு சொல்லலாம்னு.

— ஓகோ. பழி என் தலையில.

— கோவிச்சுக்காத.

— கோவமில்ல. ஒண்ணு கேக்கிறேன், மழுப்பாமச் சொல்லுங்க. என் அண்ணன் கடைக்குப் போறீங்களா? போறதுன்னா இப்பவே இதைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுடுவோம். அதுக்கப்புறம் இந்த வீட்டுல இதைப் பத்திப் பேச்சே இருக்காது.

— அந்த மரம் இருக்குல்ல, அதை மேலயிருந்துதான் எடுத்துட்டு வரணும்.

— நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்றீங்க?

— தினமும் பொண்ணை விட்டுட்டுத் திரும்பும்போது மதில்கிட்ட நின்னு பாக்குறேன். மேல் கிளையை முதல்ல கழிச்சு, கயிறைப் பின்னாடி கம்பத்துல சுத்தி இழுத்துப் பிடிச்சா, மதில்ல ஒரு கீறல் விழாது. தெரியாதவன் எவனாவது அடியில கை வச்சான், சுவரும் போகும், அவனும் போவான்.

— ஆக, போகணும்னு இருக்கு.

— இருக்கு. பயமாவும் இருக்கு.

— ரெண்டையும் எடுத்துக்கிட்டே கிளம்புங்க. நானும் வந்து மதிலுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். ஸ்பேனரை இப்படிக் குடுங்க.

— நீயா? நான் மாட்டிக்கிறேன்.

— குடுங்கன்னா.

— சரி, கேளு. ரொம்ப இறுக்கிடாத, செயினை இழுத்துவிட்டா தானா திரும்ப உக்காரணும். பல்லையும் பார்த்துக்க, மேல் வரிசை முனையைப் பாக்கணும். அன்னிக்கு மாதிரி தெரியாமத் திருப்பி மாட்டிடப் போற.

— அன்னிக்கு மட்டும் தெரியாமலா மாட்டினேன்?