வீட்டெண் இல்லாத விளைகளுக்கு மருந்து வரவழைத்த ரைட்டருக்கு

பாறசாலைப் பகுதியின் பண்பாளரே! நெய்யாற்றின்கரைத் தாலுகா நெஞ்சார நம்பும் நேர்மையாளரே! இருபத்தாறு ஆண்டு மைக்கூட்டோடு மல்லாடியும் மனத்தில் மை படியாத மாண்பாளரே! எங்கள் சுகாதாரக் கமிட்டியின் ரைட்டர் உயர்திரு ஞானசம்பந்தம் பிள்ளை அவர்களே! வணக்கம்.

மனுவோடு வந்த எவரையும் தாங்கள் வெயிலில் காக்க வைத்ததில்லை. அம்மை குத்தும் நாளில் அழுகிற பிள்ளைகளுக்குக் காக்கை போலக் கரைந்து காட்டுவீர்கள். பிள்ளைகள் சிரிக்கும், அம்மை குத்தும் எலியாவின் ஊசி உடையாமல் தப்பிக்கும். இவையெல்லாம் ஊரறிந்தவை. கூடியிருக்கும் கண்மணிகளே, ஊர் முழுதும் அறியாத ஒன்றைச் சொல்கிறோம், கேளுங்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்துத் தொண்ணூற்று நான்கு, ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. எத்தனை வீடுகளில் நோய் என்று மேலிடம் கேட்டது. தாங்கள் வழக்கம்போல் வீட்டெண்களைப் பார்த்து "நான்கு" என்று எழுதினீர்கள். விளை என்னும் தோப்புகளில் குடிசை போட்டிருந்த கூலிக்காரருக்கு எண் ஏது? விளைக்காரரின் வீட்டெண்ணே அவர்களுக்கும் எண். நாலு வீட்டுக்காகக் கம்பவுண்டரை அனுப்புவதற்கில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை வாசிக்கக் கேட்டுவிட்டு, கமிட்டிக் கட்டடத்தின் பின்வேலிக்கு அப்பால் வயலில் நின்ற விளைக் கூலிக்காரி தங்கபாய் கேட்டாள்: "நாலு வீடா ஏமானே? எங்க விளையில மட்டும் பதினேழு பேரைக் குழிச்சிட்டாச்சு. நாங்க கெடக்கிறது வீடில்லேன்னா, செத்தது ஆளில்லைன்னு ஆவுமா?"

தாங்கள் பேனாவை மூடிவிட்டு எழுந்தீர்கள். எலியாவைக் கூட்டிக்கொண்டு ஏழு விளைகளுக்கும் நடந்தீர்கள். குடிசைக்குள் போய்வந்தவர் முங்கிக் குளிக்காமல் தம் வீட்டுப் படியேறலாகாதென்ற அந்நாள் சாதி வழக்கத்தால் விளைக்கொரு முறை குளத்தில் முங்கினீர்கள். தங்கள் இல்லத்தரசி சொர்ணம்மாள் அவர்கள் சொன்னது இன்றும் எங்களைச் சிரிக்க வைக்கிறது: "விளைக்கு ஒரு முங்குன்னா எதுக்கு ஏறி ஏறி வாறீரு? குளத்துலேயே மீனாட்டம் கெடந்திரும்! சோத்த அங்க கொண்டாறேன்."

குளித்த கையோடு புதிய மனு எழுதினீர்கள். எலியா தடுத்தார். "பிள்ளைவாள், மொதல் கணக்கு தப்புன்னு நாமளே எழுதினா வேலை போவுமாக்கும்!"

"போனா வேலைதானே போவும்? அங்க உயிருல்லா போவுது!" என்றீர்கள்.

அம்மனுவில் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. இறந்த அறுபத்தொருவரையும் பெயர் சொல்லி எழுதினீர்கள். "ராஜதாஸ், வயது நான்கு, தாய் தங்கபாய்" என்பது முதல் வரி. "முன்கணக்குத் தவறு, தவறு என்னுடையது, மருந்தும் அரிசியும் விளைக்குள்ளேயே வரவேண்டும்" என்பது கடைசி வரி.

பதினோராம் நாள் உத்தரவு வந்தது. கம்பவுண்டர் மருந்துப் பெட்டியோடு விளைக்குள் நடந்தார். அரிசியும் பின்னே வந்தது. வேலை போகவில்லை. ஆனால் அந்தப் பதினோரு நாளில் மேலும் ஒன்பது பேர் போய்விட்டார்கள். யாராவது தங்களைப் புகழ்ந்தால், "ஒம்பது பேரு, மறந்திராதிய" என்பீர்கள். நாங்கள் மறக்கவில்லை, ஐயா. மறவாமல்தான் புகழ்கிறோம்.

தங்களைப் பாராட்டும் இவ்விழாவைக் கோயில் தெருவிலுள்ள கமிட்டிக் கட்டடத்தில் வைக்க எண்ணினோம். "அந்தக் கோயில் தெருவில தங்கபாயி நடந்து வர மேல்சாதிக்காரங்க விடுவாங்களா?" என்று கேட்டீர்கள். அதனால்தான் பந்தல் இந்த விளையில் நிற்கிறது. அதனால்தான் முன்வரிசையில் தங்கபாய் இருக்கிறாள்.

அன்புடையீர்! ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தெரு வழியேதான் போகவேண்டும். அதை எல்லார்க்கும் திறந்துவிடும்படி அரசுக்கு ஒரு மனு எழுதி, இம்மடலோடு தங்கள் கையில் தருகிறோம். முதல் கையெழுத்துக்கான இடம் தங்களுக்கு. ரைட்டராக அல்ல, ஊராராக இடுங்கள். உடல் நோகாமல், உள்ளம் வாடாமல், கண்ணொளி மங்காமல் தாங்கள் நெடுநாள் வாழவேண்டும். தங்கபாய் அந்தத் தெருவில் நடந்து போவதைப் பார்க்கும் நாள்வரைக்குமாவது வாழ்ந்தே ஆகவேண்டும்!

இங்ஙனம்,
தங்கள் அன்பில் வளர்ந்த
சுகாதாரக் கமிட்டி ஊழியர்கள்,
பாறசாலை. கொல்லம் 1101, சித்திரை.