அத்தைக்குப் புரியக்கூடாத படம்

கோவிந்தராஜ்: சேர்வராயன் மலை வாழ் பெருங்குடி மக்களே! மஞ்சக்குட்டை முதல் வெள்ளக்கடை வரை இருளில் கிடந்த நம் கலையுலகம் இன்று மாலை ஆறு மணிக்கு விடியப்போகிறது! ஏற்காடு ஈன்றெடுத்த முதல் இத்தாலிய மொழித் திரைப்படம்! சிரிப்பும் கண்ணீரும் கலந்த உலகக் காவியம்! கதை, வசனம், இயக்கம்...

ராஜேஸ்வரி: ஏனுங்க, மைக்க வெச்சுட்டு இட்லிய சாப்பிடறீங்களா?

கோவிந்தராஜ்: ஒத்திகை ராஜி. மைக் இன்னும் போடவே இல்லை.

ராஜேஸ்வரி: போடாமயே கரடியூருக்குக் கேக்குது.

பென்னி: அண்ணா... வசனம் நானுங்களே?

கோவிந்தராஜ்: வா பென்னி! இத்தாலி ஓட்டல்ல தட்டுக் கழுவி மொழி கத்துட்டு வந்த மேதை...

பென்னி: சமைச்சேனுங்ணா. கழுவல.

கோவிந்தராஜ்: ஏதோ ஒண்ணு. காபி குடி. நான் வறுத்தது. இந்த மாதிரி இத்தாலியில கெடைக்குமா?

பென்னி: நேத்தும் குடிச்சேனுங்ணா... மண்டபத்துல முன்வரிசை நடுவுல உங்க அத்தைக்கு நாற்காலி போட்டிருக்காங்க.

கோவிந்தராஜ்: போடட்டும். மிளகு வித்துப் படம் எடுக்கப் பணம் குடுத்தவங்கல்ல?

பென்னி: அவங்களத்தானுங்களே படம் பூரா கிண்டல் பண்ணியிருக்கோம்...

கோவிந்தராஜ்: மெதுவா! ராஜி உள்ள...

ராஜேஸ்வரி: இங்கதான் சட்னி ஊத்தறேன். சொல்லுங்க.

பென்னி: அக்கா, நான் வெறும் வசனங்க.

கோவிந்தராஜ்: அது... படத்துல வர்ற கெழவி லேசா உங்கம்மா சாயல்.

ராஜேஸ்வரி: லேசா?

கோவிந்தராஜ்: பேச ஆரம்பிச்சா நிறுத்தாது. தன்னைப் பத்தித் தானே தமுக்கடிக்கும். அடுத்தவன் செஞ்சதைத் தான் செஞ்சதாச் சொல்லும். ஊருக்கு ஊரு இருக்கற ஆளுதானே?

ராஜேஸ்வரி: இந்த ஊடு எங்கம்மா பேர்ல இருக்குது. அவங்களுக்குப் புரிஞ்சா விடியறதுக்குள்ள பொட்டியத் தூக்கிட்டு சேலம் பஸ் ஏறோணும். ஞாபகம் இருக்குதுங்களா?

கோவிந்தராஜ்: அதுக்குத்தான் இத்தாலி! தமிழ்ல எடுத்திருந்தா முதல் சீன்லயே செருப்பு வந்திருக்கும்.

பென்னி: உலக சினிமான்னு சொன்னீங்களேண்ணா?

கோவிந்தராஜ்: அதுவும்தான்.

ராஜேஸ்வரி: கெழவியா நடிச்ச வீராயக்காவுக்காவது கதை தெரியுமா?

பென்னி: இல்லீங்கக்கா. காட்டுமாடு காபிச் செடியை மிதிச்சுட்டுப் போனதைச் சொல்லி அழுதாங்க. அது மேல நான் இத்தாலி பாஷையில குரல் குடுத்துட்டேன்.

கோவிந்தராஜ்: அந்த அழுகைக்கு ரோம் நகரமே எந்திரிச்சு நிக்கும்! அத்தை ஒரு வார்த்தை புரியாம, நொம்பப் பெருமையாக் கை தட்டும். எழுதி வெச்சுக்கோ.

பென்னி: அண்ணா... ஒண்ணு சொல்லோணும்... அக்கா, நீங்களே சொல்லிருங்க.

ராஜேஸ்வரி: கீழ தமிழ்ல எழுத்து ஓடற மாதிரி பென்னிகிட்டச் சொல்லிப் போட்டாச்சுங்க.

கோவிந்தராஜ்: என்னது!

ராஜேஸ்வரி: பின்ன? சனம் ரெண்டு மணி நேரம் வீராயக்கா வாயவே பாத்துட்டு உக்காந்திருக்குமா?

கோவிந்தராஜ்: பென்னி, ஓடு! அதை எடு! சாயங்காலத்துக்குள்ள...

ராஜேஸ்வரி: எங்கம்மா நேத்தே பாத்தாச்சுங்க. நம்ம டிவியில.

கோவிந்தராஜ்: நேத்தேவா!

ராஜேஸ்வரி: இட்லி ஆறுது.

கோவிந்தராஜ்: பொட்டி... பரண் மேலதான இருக்குது?

ராஜேஸ்வரி: விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "உம் மாமியார அப்படியே புடிச்சுட்டாரு மாப்பிள்ளை, பெத்த தாயின்னுகூடப் பாக்கலையே"ன்னாங்க.

கோவிந்தராஜ்: எங்கம்மாவா! அய்யோ, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா...

ராஜேஸ்வரி: அவங்களும்தான் பாத்தாங்க. என்னைச் சமையக்கட்டுக்குக் கூப்பிட்டு, "உங்கம்மா மனசு நொந்துருக்கும், ஆறுதல் சொல்லு சாமி"ன்னாங்க.

கோவிந்தராஜ்: பாத்தியாடா பென்னி! இதுதான் கலை! ரெண்டு பேருல ஒருத்திக்குக்கூடத் தன் மூஞ்சி தெரியல! ஊடு தப்பிச்சுது! இதையும் அறிவிப்புல சேக்கறேன். "அந்தக் கிழவி யாரென்பது, படைத்தவனைத் தவிர எவருக்கும் தெரியாத பரம ரகசியம்!"

பென்னி: படத்துல வேலை செஞ்ச எல்லாருக்கும் தெரியுமுங்ணா...

கோவிந்தராஜ்: என்ன தெரியும்? யாராம்?

ராஜேஸ்வரி: நீங்கதானுங்க.